திருகோணமலையின் பெயரோடு மிதக்கும் தேக்குக் கப்பல்

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் படித்தவர்களில், பள்ளிச் சுற்றுலாவில் மலாக்கா போய் ஆற்றோரத்தில் நிற்கும் அந்தப் பெரிய மரக்கப்பலுக்குள் ஏறி இறங்காதவர்கள் குறைவு. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க், வாரிச் சுருட்டிய செல்வத்தோடு கிளம்பிய 'ஃப்ளோர் டி லா மார்' கப்பலின் மாதிரி அது. 1994இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அசல் கப்பல் அதே 1511 நவம்பரில் சுமத்ராக் கரையோரப் புயலில் சிக்கி மூழ்கிவிட்டது. பாய்மரக் காலத்துப் போர்க்கப்பல்களின் தலையெழுத்தே அப்படித்தான். ஒன்று மூழ்கும், அல்லது எரியும். இரண்டுக்கும் தப்பினால் கடைசியில் விறகாகும்.

அந்தத் தலையெழுத்துக்குத் தப்பிய ஒரு கப்பல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ஹார்ட்டில்பூல் என்ற ஊரில், இன்றும் தண்ணீரில் மிதக்கிறது. அது மாதிரி இல்லை, அசல். 1817இல் பம்பாயில் மலபார்த் தேக்கால் கட்டிய கப்பல். அதன் பெயர் 'எச்.எம்.எஸ். டிரிங்கோமலி', அதாவது நம்முடைய திருகோணமலை. பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலையின் கந்தசுவாமி கோயிலைக் கட்டிக் காத்துவரும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோணேசர் மலையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த ஊரின் பெயர் ஒரு போர்க்கப்பலின் முகப்பில் ஏறி உலகைச் சுற்றிய கதை நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தக் கதை நம் மலாக்காவையும் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் போகிறது.

கதை தொடங்குவது 1782 செப்டம்பரில், அடுத்தடுத்த இரண்டு நாட்களில், உலகின் இரு மூலைகளில்.

செப்டம்பர் 3ஆம் தேதி திருகோணமலைக்கு வெளியே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். அந்த இயற்கைத் துறைமுகத்துக்காக ஐரோப்பியர்கள் பல தலைமுறைகளாக அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஓர் ஆண்டில் மட்டும் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயரும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரரும் அதைப் பிடித்திருந்தார்கள். மறுநாள், செப்டம்பர் 4ஆம் தேதி, பிரான்ஸின் வடமேற்குக் கரைக்கு அப்பால் 'ஹெபே' என்ற புத்தம்புதிய பிரெஞ்சுக் கப்பலை ஆங்கிலேயரின் 'ரெயின்போ' துரத்தியது. 'ரெயின்போ'வில் சோதனைக்காகக் குட்டையான, வாய் அகன்ற புதுவகைப் பீரங்கிகளைப் பொருத்தியிருந்தார்கள். தன் கப்பலில் வந்து விழுந்த குண்டின் பருமனைப் பார்த்த பிரெஞ்சுத் தலைவர், இவ்வளவு பெரிய குண்டை வீசுவது ஏதோ மாபெரும் போர்க்கப்பலாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, அதிகம் போராடாமல் சரணடைந்தார்.

ஒரு தப்புக் கணக்கில் கைமாறிய அந்தக் கப்பல்தான் நம் கப்பலின் பாட்டி. 'ஹெபே'யை வடிவமைத்தவர் பிரான்ஸின் தலைசிறந்த கப்பல் சிற்பிகளில் ஒருவரான ஜாக் நோயல் சானே. ஆங்கிலேயர்கள் அவருடைய கப்பலை அங்குலம் அங்குலமாக அளந்து, வரைபடம் எழுதி, அப்படியே நகலெடுத்தார்கள். 1800இல் 'லீடா' என்ற முதல் நகல் கடலில் இறங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அதே அச்சில் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் வந்தன. எதிரியின் கண்டுபிடிப்பைக் கொண்டே எதிரியை விரட்டுவதில் அன்றைய கடற்படைகளுக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை. 'ஹெபே' பிடிபட்டதற்கு முதல் நாள் சண்டை நடந்த ஊரின் பெயர், முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதன் நகல் ஒன்றுக்கே வந்து சேர்ந்தது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

வடிவம் கிடைத்துவிட்டது, மரம்தான் கிடைக்கவில்லை. நெப்போலியனோடு நடந்த நீண்ட போரில் இங்கிலாந்தின் ஓக் மரங்கள் கப்பல்களுக்கே போதவில்லை. அவர்களுடைய பார்வை மேற்குத் தொடர்ச்சி மலையின் தேக்கின் மேல் விழுந்தது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அது தண்ணீரையும் பூச்சியையும் தாங்கும், இரும்பு ஆணிகளையும் அரிக்காது. ஓக் மரத்தின் துவர்ப்பு அமிலமோ இரும்பை மெல்ல மெல்லத் தின்னும். சூரத்திலிருந்து 1736இல் பம்பாய்க்கு வந்த லவ்ஜி நஸர்வான்ஜி வாடியா என்ற பார்சித் தச்சரின் வம்சம் தலைமுறை தலைமுறையாக அங்கே தேக்குக் கப்பல்களைக் கட்டிக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் அவை கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் வணிகர்களுக்கும் போயின, பிறகு அரச கடற்படைக்கே போகத் தொடங்கின.

இதற்குக் காடு கொடுத்த விலையையும் சொல்லத்தான் வேண்டும். 1806இல் கேப்டன் வாட்சன் என்பவரை மலபார்க் காடுகளுக்குக் காப்பாளராக நியமித்தார்கள். பதவியின் பெயர் காப்பாளர், வேலையோ கடற்படைக்குத் தேக்கு வெட்டி அனுப்புவது. தனியார் நிலத்தில் வளர்ந்த தேக்குக்கூட அரசுக்கே என்றார்கள். நில உரிமையாளர்களும் மர வியாபாரிகளும் கொதித்தார்கள். 1823இல் சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோதான் அந்தப் பதவியையே ஒழித்தார்.

கதை மலாக்காவைத் தொடுவது இந்த இடத்தில். 1811இல் ஜாவாத் தீவைப் பிடிக்க ஆங்கிலேயர் பெரும்படை திரட்டினார்கள். படை கூடிய இடம் மலாக்கா. இந்தியாவின் கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே நேரில் வந்தார். அங்கே ஏற்பாடுகளைக் கவனித்த ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்தவர் முன்ஷி அப்துல்லா. அரபு வம்சத்தோடு தமிழ் வம்சமும் கலந்த அந்த மலாக்கா இளைஞர், அந்நாட்களில் தான் கண்டதைப் பின்னாளில் 'ஹிக்காயத் அப்துல்லா'வில் எழுதிவைத்தார். ஜாவா வீழ்ந்தது. அதே ஆண்டு மடகாஸ்கர் அருகே பிடிபட்ட 'ரெனோமே' என்ற பிரெஞ்சுக் கப்பலுக்கு ஆங்கிலேயர் 'ஜாவா' என்று பெயர் வைத்தார்கள்.

அந்த 'ஜாவா'தான் 1812இன் இறுதியில் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்டது. புதிய பம்பாய் ஆளுநராகப் போகவிருந்த ஹிஸ்லப் அதில் இருந்தார். பம்பாயில் கட்டப்படும் கப்பல்களுக்கான செப்புத் தகடுகள் இருந்தன. அவற்றோடு, 'டிரிங்கோமலி'க்கான வரைபடங்களும் இருந்தன. டிசம்பர் 29ஆம் தேதி பிரேசிலுக்கு அப்பால் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' எதிர்ப்பட்டது. சில மணி நேரத்தில் 'ஜாவா' பாய்மரங்களை எல்லாம் இழந்து சரணடைந்தது. இழுத்துச் செல்லவும் முடியாத அளவுக்குச் சிதைந்திருந்ததால் அமெரிக்கர்கள் அதைக் கொளுத்திவிட்டார்கள். வரைபடங்களும் அதோடு போயின. சண்டையில் தன் சுக்கானைத் திருப்பும் சக்கரத்தைப் பறிகொடுத்திருந்த 'கான்ஸ்டிடியூஷன்', 'ஜாவா'வின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டு ஊர் திரும்பியது. அந்த 'கான்ஸ்டிடியூஷன்' இன்றும் பாஸ்டன் துறைமுகத்தில் மிதக்கிறது. வரைபடத்தைக் கடலில் தொலைக்க வைத்த கப்பலும், அந்த வரைபடத்துக்காகக் காத்திருந்த கப்பலும் இரண்டுமே பிழைத்துக் கிடக்கின்றன என்பது எனக்குத் தீராத ஆச்சரியம்.

புதிய வரைபடங்கள் எழுதி அனுப்பி, அவை பம்பாய் சேர்ந்து, வேலை தொடங்க 1816 ஆகிவிட்டது. அடிமரத்தில் வெள்ளி ஆணி அறைந்து பார்சி முறைப்படி தொடங்கிவைத்தவர் தலைமைச் சிற்பி ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. 1817 அக்டோபர் 12ஆம் தேதி கப்பல் நீரில் இறங்கியது. செலவு ஏறத்தாழ 23,000 பவுன். முகப்பில் தலைப்பாகை கட்டிய ஓர் ஆணின் மரச்சிற்பம். பிரெஞ்சு வடிவம், மலபார் மரம், பார்சிக் கை, தமிழ் ஊரின் பெயர், ஆங்கிலேயர் கொடி. ஆனால் எந்தப் போருக்காகக் கேட்டார்களோ அந்தப் போர் 1815இலேயே முடிந்திருந்தது.

இங்கிலாந்து நோக்கிய முதல் பயணத்தில், 1819 ஜனவரி 24ஆம் தேதி, கப்பல் செயின்ட் ஹெலினாத் தீவில் ஒதுங்கியது. அங்கே சிறையிருந்த நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்ததற்காகவே மேலதிகாரிகளின் கோபத்துக்கு ஆளான கடற்படை மருத்துவர் ஜான் ஸ்டோகோ, ஆறு நாட்கள் கழித்து அந்தத் தீவை விட்டு இதே கப்பலில்தான் வெளியேறினார். அதே ஜனவரியின் இறுதியில், நம் பக்கத்துக் கடலில், ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால்வைத்துக்கொண்டிருந்தார். யாரை வீழ்த்தக் கட்டினார்களோ அவர் இருந்த தீவிலிருந்து கப்பல் ஏற்றிச் சென்றது ஒரு மருத்துவரை மட்டும்தான்.

இங்கிலாந்து சேர்ந்ததும் பாய்மரங்களை இறக்கிக் கப்பலை ஓரம்கட்டினார்கள். கால் நூற்றாண்டு அப்படியே கிடந்தது. ஓக் மரமாக இருந்திருந்தால் பாதி உளுத்திருக்கும். 1845இல் எடுத்துப் பார்த்தபோது தேக்கு திடமாகவே இருந்தது. பின்புறத்தை மாற்றியமைத்து, 38 பீரங்கிகளுக்குத் திட்டமிட்ட கப்பலில் எண்ணிக்கையைக் குறைத்து 26 பெரிய பீரங்கிகளை வைத்து, 1847இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் வட அமெரிக்கக் கரைக்கும் அனுப்பினார்கள். 1852 முதல் பசிபிக். ஃபிராங்கிளினின் காணாமல்போன ஆர்க்டிக் பயணக் குழுவைத் தேடிப் பனிக்கடலில் காத்திருந்த 'ப்ளோவர்' கப்பலுக்கு உணவும் பொருளும் கொண்டுபோனது இதுதான். கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் தீவுக்குப் பக்கத்தில் 'டிரிங்கோமலி கால்வாய்' என்ற நீர்வழி இந்தக் கப்பலின் நினைவாகவே பெயர் பெற்றது. கோணேசர் ஊரின் பெயர் சிடார் மரங்கள் சூழ்ந்த தீவுகளின் நடுவே வரைபடத்தில் நிற்பதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

1857இல் கப்பல் ஊர் திரும்பிப் படைச்சேவையை முடித்துக்கொண்டது. அதே ஆண்டில்தான் கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்களை ஆற்றின் மேல்பக்கம் அனுப்பினார். கோலாலம்பூர் பிறக்க அதுதான் காரணம். ஒரு பக்கம் பாய்மரப் போர்க்கப்பலின் காலம் முடிய, இன்னொரு பக்கம் நம் ஊரின் கணக்கு தொடங்கியது.

பிறகு கப்பல் பள்ளிக்கூடமானது. கடற்படையின் சேமப் படையினருக்குப் பயிற்சி தர முதலில் சண்டர்லேண்டிலும், 1862 முதல் ஹார்ட்டில்பூலிலும், அடுத்துச் சவுத்தாம்ப்டனிலும் நின்றது. 1897 மே மாதம், உடைத்து மரமாக விற்பதற்காக ஒரு வியாபாரியிடம் தள்ளிவிட்டார்கள். அவ்வளவுதான் என்று நினைக்கும்போது ஒரு புயல் குறுக்கிட்டது. வீட்லி காப் என்ற செல்வந்தர், நெல்சன் கொடி பறந்த 'ஃபூட்ராயண்ட்' என்ற பழம்பெரும் கப்பலை வாங்கிப் பையன்களின் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் அது பிளாக்பூல் கடற்கரையில் புயலில் மோதிச் சிதைந்தது. அதற்குப் பதிலாக ஒரு கப்பல் தேவைப்பட, அவர் கண்ணில் பட்டது உடைப்பவர் கையிலிருந்த 'டிரிங்கோமலி'. சில வாரங்கள் முன்பின் ஆகியிருந்தால் இரண்டில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

உயிரைக் கொடுத்தவர் பெயரை எடுத்துக்கொண்டார். இறந்த கப்பலின் நினைவாகப் புதியதற்கும் 'ஃபூட்ராயண்ட்' என்றே பெயரிட்டார். ஃபால்மவுத், மில்ஃபோர்ட் ஹேவன், போர்ட்ஸ்மவுத் என்று இடம் மாறி, 1986 வரை தலைமுறைகள் அதில் கயிறு இழுக்கவும் படகு ஓட்டவும் கற்றன. திருகோணமலை என்ற அடையாளம் முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் மறைந்தே இருந்தது.

மீட்பும் ஒரு தற்செயல்தான். ஹார்ட்டில்பூலில் 'வாரியர்' என்ற இரும்புப் போர்க்கப்பலைப் புதுப்பித்து 1987இல் போர்ட்ஸ்மவுத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த வேலையில் தேறிய தச்சர்களும் கொல்லர்களும் ஊரிலேயே இருந்தார்கள். அதே ஆண்டு இந்தக் கப்பல் மிதவைமேல் ஏற்றப்பட்டு அங்கே வந்தது. 1990இல் வேலை தொடங்கியது, 1992இல் பழைய பெயர் திரும்பியது, 2001இல் வேலை முடிந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் சேர்த்தவற்றைப் பிரித்து, மேல்தளத்தையும் பாய்மரங்களையும் திரும்ப எழுப்பினார்கள். உடலின் பெரும்பகுதி மட்டும் பம்பாயில் பொருத்திய அதே தேக்கு. உலர்துறையில் நிற்கும் நெல்சனின் 'விக்டரி'யைப்போல் இல்லாமல் இது தண்ணீரிலேயே நிற்கிறது. பிரிட்டனின் மிதக்கும் போர்க்கப்பல்களில் இதுவே மூத்தது. 1824இல் இறங்கிய இதன் தங்கை 'யூனிகார்ன்' ஸ்காட்லாந்தின் டண்டீயில் இருக்கிறது.

இதை எழுதும்போது இன்னொரு கப்பலின் ஞாபகம் விடாமல் வருகிறது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் ஆயிரமாயிரம் தமிழர்களை மேல்தளத்தில் ஏற்றிவந்த 'ராஜுலா' அது. 1926 முதல் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. கிள்ளானில் எத்தனையோ குடும்பங்களின் கதை அந்தக் கப்பலின் படிக்கட்டில்தான் தொடங்குகிறது. 1974இல் அதை உடைத்துவிட்டார்கள். அதற்கு ஒரு வீட்லி காப் வாய்க்கவில்லை. ஆனால் அதில் வந்திறங்கியவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பாயை எந்த மூலையில் விரித்தார்கள், தட்டில் என்ன விழுந்தது, கரை தெரிந்தபோது யார் முதலில் கத்தினார்கள் என்பதை அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க இன்னும் நேரம் இருக்கிறது.

தேக்கின் கதைக்கும் ஒரு பின்னுரை உண்டு. கப்பல்கள் தின்று தீர்த்த காட்டை ஈடுசெய்ய, 1840களில் மலபார் கலெக்டர் கனோலி, சாத்து மேனன் என்ற அதிகாரியின் துணையோடு நிலம்பூரில் தேக்கு நட்டார். உலகின் முதல் தேக்குத் தோட்டங்களில் ஒன்று அது. அந்த மரங்கள் முதிர்வதற்குள் போர்க்கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன. கனோலி தோட்டத்தின் ஒரு பகுதி வெட்டப்படாமல் இன்றும் நிற்கிறது. நிலம்பூர் போகிறவர்கள் அதைப் பார்க்கலாம்.