கொடுத்தவரும் பெற்றவரும்

நிழற்படம் ஒன்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விழைகிறேன். சக்கர நாற்காலியில் ஓர் இளைஞர் அமர்ந்திருக்கிறார். அவரையே ஒத்த மற்றோர் இளைஞர் அதனைத் தள்ளி வருகிறார். அமர்ந்திருப்பவர் ரிச்சர்டு ஹெரிக். தள்ளி வருபவர் அவருடைய இரட்டைச் சகோதரர் ரொனால்டு.

1954-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில், ரிச்சர்டு சிறுநீரகங்கள் பழுதுற்றுச் சாகும் தறுவாயில் இருந்தார். தம் சிறுநீரகங்களுள் ஒன்றைத் தர ரொனால்டு முன்வந்தார். பிறர் உறுப்பை உடல் ஏற்காது தள்ளிவிடும். அதைத் தடுக்கும் மருந்துகள் அந்நாளில் இல்லை. ஒரே கருவில் தோன்றிய இரட்டையர்க்கோ அத்தடை இல்லை. அவர்கள் அத்தகையோரே எனத் தோலொட்டுச் சோதனை காட்டிற்று.

ஆயினும் ஒரு வினா எஞ்சியது. நோயற்ற ஒருவரை, அவர் உடலுக்கு எந்நலமும் தராத அறுவைக்கு உட்படுத்துதல் அறமாகுமா? மருத்துவர்கள் சமயப் பெரியோரையும் சட்ட அறிஞரையும் கலந்து ஆராய்ந்தனர். அறுவைக்கு முந்திய இரவில், வீடு திரும்பிவிடுமாறு ரிச்சர்டே எழுதி அனுப்பினார். ரொனால்டு இசையவில்லை.

டிசம்பர் 23-ஆம் நாள் டாக்டர் ஜோசப் மரே அச்சிறுநீரகத்தைப் பொருத்தினார். அது உடனே இயங்கத் தொடங்கிற்று. பின்னர் அவர்கள் மருத்துவமனையை விட்டு நீங்கிய காட்சியே அந்த நிழற்படம்.

ரிச்சர்டு தமக்குப் பணிவிடை செய்த செவிலியரை மணந்து, 1963 வரை வாழ்ந்தார். மரே 1990-இல் நோபல் பரிசு பெற்றார். ரொனால்டு கணித ஆசிரியராகப் பணியாற்றி, 2010-இல் மறைந்தார்.

திரும்பிச் செல்ல வழி திறந்திருந்தும் ரொனால்டு நின்றார். அதனாலேயே அவர் அளித்ததை நான் கொடை என்கிறேன்.