கல்லீரலில் ஒரு சந்திப்பு

சேலம், நாமக்கல் சமவெளியின் சென்ற அரை நூற்றாண்டு வரலாற்றைச் சாலைகளின் வரலாறாகவே எழுதிவிடலாம். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரிகள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் என, வானம் பார்த்த பூமியின் மக்கள் சக்கரங்களை நம்பி வடக்கே புறப்பட்டார்கள். அத்தொழில் செல்வத்தைக் கொணர்ந்தது. மாதக்கணக்கில் வீடு திரும்பாத வாழ்க்கையையும் கொணர்ந்தது. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். அடுத்து வந்த ஆண்டுகளில் தமிழகத்தில் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாக நாமக்கல் அறியப்பட்டது.

எச்.ஐ.வி. உடலின் காவலைத் தளர்த்தும்போது, உள்ளே உறங்கிக் கிடந்த காசக்கிருமி விழித்துக்கொள்கிறது. எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் நம் முன்னோர் அஞ்சிய அதே நோய்தான். சயம் என்றால் தேய்தல்; திங்களின் தேய்வுக்கும் அதுவே பெயர். எச்.ஐ.வி. உள்ளோரின் உயிரைப் பறிப்பதில் இன்றும் காசநோயே முன்னிற்கிறது.

சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய 1997ஆம் ஆண்டில்தான் திருத்தியமைக்கப்பட்ட தேசியக் காசநோய்த் திட்டமும் தொடங்கியது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்கும் திட்டம் 2004 ஏப்ரலில் தமிழகம் உள்ளிட்ட சில மாநிலங்களில் தொடங்கிற்று. இரண்டு நோய்க்கும் மருந்து வந்துவிட்டது. ஆனால் அம்மருந்துகள் ஒரே உடலுக்குள் சந்தித்தபோது என்ன நேர்ந்தது என்பது தனியே சொல்லப்பட வேண்டிய வரலாறு.

காசநோய் மருந்துகளுள் முதன்மையானது ரிஃபாம்பிசின். பிரெஞ்சு நாட்டு மத்தியதரைக் கடற்கரை மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து, இத்தாலியின் மிலான் நகர ஆய்வகத்தார் 1960களில் உருவாக்கியது. காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும் என்ற நிலை இதனால்தான் வந்தது. ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு. மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளை இது முடுக்கிவிடும். உடன் உண்ணும் எச்.ஐ.வி. மருந்துகள் வேலை செய்யுமுன்னே கரைந்துபோகும். நெவிரபின் அளவு குறைந்துவிடும்; புரோட்டியேஸ் தடுப்பான்கள் என்னும் வகை முக்கால் பங்குக்கு மேல் குறையும். குறைந்த அளவு மருந்து வைரஸைக் கொல்லாது. எதிர்த்து நிற்கப் பழக்கும்.

வேறு மோதல்களும் இருந்தன. காசநோய்க்கான ஐசோனியசிட், எச்.ஐ.வி.க்கு அன்று தரப்பட்ட ஸ்டாவுடின் இரண்டுமே நரம்பைத் தாக்குபவை. சேர்ந்தால் உள்ளங்கால் எரியும். எஃபாவிரன்ஸ் ரிஃபாம்பிசினோடு ஒத்துப்போகும். ஆனால் தலைசுற்றலும் கெட்ட கனவுகளும் தரும். இரவெல்லாம் லாரி ஓட்டுபவருக்கு அது எத்தகைய மருந்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கருவுறக்கூடிய பெண்களுக்கு அதைத் தரவும் அன்று தயங்கினார்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்த்ததில் தமிழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1956இல் சென்னையில் நிறுவப்பட்டு, காசநோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டிய அதே காசநோய் ஆராய்ச்சி மையம் இங்கும் முன்வந்தது. ரிஃபாம்பிசினோடு சேரும்போதும் தென்னிந்தியருக்கு எஃபாவிரன்ஸ் அளவைக் கூட்டத் தேவையில்லை, மரபணு வேறுபாடே அதன் அளவைத் தீர்மானிக்கிறது என்று 2009இல் அதன் ஆய்வாளர்கள் காட்டினர். இரு நோயும் கொண்ட 116 பேரிடம், நாளுக்கு ஒருமுறை தரும் நெவிரபினையும் எஃபாவிரன்ஸையும் சௌமியா சுவாமிநாதன் குழுவினர் ஒப்பிட்டனர். நெவிரபின் பெற்றோரில் 5 பேர் இறந்தனர். மற்றப் பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2011இல் முடிவுகள் வெளியாயின. அந்த 116 பேரின் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. பின்வந்தோர் பெற்ற பாதுகாப்பில் அவர்களுக்கும் பங்குண்டு.

இன்று டோலுடெக்ரவிர் முதன்மை மருந்தாகிவிட்டது. அதையும் ரிஃபாம்பிசின் விட்டுவைப்பதில்லை. காசநோய்ச் சிகிச்சை நடக்கும்போது நாளுக்கு ஒருமுறை என்பதற்குப் பதிலாக, 12 மணி நேர இடைவெளியில் 50 மில்லிகிராம் வீதம் இருமுறை உண்ண வேண்டும். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் இம்முறை தொடர வேண்டும்; கல்லீரல் தன் வேகத்தை உடனே தணித்துக்கொள்வதில்லை.

ஆக, அந்த இரண்டாவது மாத்திரையை எழுதித்தர, நோயாளிக்கு இரு நோயும் உண்டென்று மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். சிக்கல் இங்கேதான் மருந்தியலைக் கடந்து சமூகத்துக்குள் வருகிறது. காசநோய்க்கு உள்ளூரில் மாத்திரை வாங்குபவர், எச்.ஐ.வி. மாத்திரைக்கு முகமறியா வேற்றூர் செல்வார். ஓரிடத்தில் உண்பதை மற்றோரிடத்தில் சொல்லமாட்டார். லாரிக்காரர் என்றாலே ஐயத்தோடு நோக்கிய ஊர், அவருக்கு இந்த மௌனத்தைக் கற்றுக்கொடுத்தது. இரு திட்டங்களும் பரிசோதனைகளைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இதற்காகவே வந்தது.

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்காக வகுத்தார் வள்ளுவர். இந்நால்வரில் மருந்தை ஆய்வகங்கள் ஒருவாறு திருத்திவிட்டன. நோயாளி அச்சமின்றி வாய்திறக்கும்படி அருகிருப்பது நம் கையில் இருக்கிறது. ஊரார் அறியாமல் நோயை மறைத்துவிடலாம். கல்லீரலில் சந்திக்கும் இரு மருந்துகளுக்கு அந்த மறைவு தெரியாது.