எந்த மாயாவி?

பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளிப் பக்கம் ‘மாயாவி’ என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. தமிழ் பேசும் வீட்டில் அவன் இரும்புக்கை மாயாவி. மலையாளம் பேசும் வீட்டில், கோட்டயத்திலிருந்து வெளியாகும் ‘பாலரமா’ சிறுவர் இதழில் வரும் குட்டிச்சாத்தான்.

முன்னவனுக்குப் பெயர் வைத்தது சிவகாசி. 1972-ல் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடே அவன் கதைதான். ஆள் அசல் சீமைச் சரக்கு. 1962-ல் லண்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் அறிமுகமான லூயிஸ் கிராண்டல், ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து, எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அசல் பெயரை ‘எஃகு நகம்’ என்று பெயர்த்திருந்தால் ஒரு பயல் சீண்டியிருக்க மாட்டான்!

அடுத்த அலை 1984. சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது. பின்னாளில் ராணியில் முகமூடி வீரர் மாயாவியாக வந்தவர் வேறு யாருமல்ல, ‘பேன்டம்’தான். ஆக, மூன்றாவது மாயாவி.

லயன் தூக்கிவிட்டது ஸ்பைடரை. கூர்க்காது, கறுப்பு உடை, வலை வீசும் துப்பாக்கி. 1965-ல் பிரிட்டனின் ‘லயன்’ இதழில் அவன் வந்தது நல்லவனாக அல்ல. குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜா ஆகிவிட வேண்டும் என்பதே அவன் ஆசை. பிறகுதான் தன்னைவிடப் பெரிய கிறுக்கர்களோடு மோதி நீதிக்காவலன் ஆனான். அந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்து, அதன் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்ட அதே சீகல். அவர் பெயர் தெரியாமலே அவருடைய வில்லன்களுக்கு நாம் பயந்திருக்கிறோம். கிராண்டலும் தொடக்கத்தில் போக்கிரிதான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த வயதில் நம் மனசு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது புரியும்.

கோட்டயத்து மாயாவி பிறந்ததும் அதே 1984-ல்தான். அவனைப் பிடித்துக் குப்பியில் அடைக்க மந்திரவாதி குட்டூசனும் டாகினியும் படாதபாடு படுவார்கள்; ஒவ்வொரு முறையும் மண்ணைக் கவ்வுவார்கள். குந்தம் என்னும் ஈட்டியில் ஏறிப் பறக்கும் லுட்டாப்பி அவர்களுடைய எடுபிடி. 2019-ல் அந்தக் கூட்டத்தில் டிங்கினி என்று புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். லுட்டாப்பியை ஓரங்கட்டப் போகிறார்கள் என்று கேரளமே பதறியது. ‘லுட்டாப்பியைக் காப்பாற்று’ என்று கிளம்பியவர்களில் மீசை நரைத்தவர்களும் உண்டு. மாயாவிக்காக அப்படி யாரும் கிளம்பியதில்லை.

(தொடரும்)