மரம் உண்ணும் உணவு

மண்ணில் வேரூன்றி நிற்கும் மரம் தன் உடலை எதைக்கொண்டு வளர்த்துக்கொள்கிறது? உழவனைக் கேட்டால் மண்ணைச் சுட்டுவான். கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலும் அதையே கூறினார். மண்ணிலே பக்குவப்பட்ட உணவை வேர் உறிஞ்சிக்கொள்கிறது என்பது அவர்தம் கொள்கை. ஐரோப்பிய அறிஞருலகம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு அதனைப் பெரிதும் ஐயுறவில்லை. ஒளிச்சேர்க்கை என இன்று மாணவர் ஒரே சொல்லில் கூறிவிடும் உண்மையின் வரலாறு, அந்நம்பிக்கையைத் தராசில் இட்டு நிறுத்துப் பார்க்கத் துணிந்த ஒருவரிடமிருந்து தொடங்குகிறது.

புருசெல்ஸ் நகரத்து மருத்துவர் வான் ஹெல்மாண்ட் என்பாரே அவர். உலர்த்திய மண் 200 இராத்தலை ஒரு தொட்டியிலிட்டு, 5 இராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை அதில் நட்டார். ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வந்தார். முடிவில் மரம் 169 இராத்தலுக்குச் சற்று மேலாக வளர்ந்திருந்தது. மண்ணோ இரண்டு அவுன்சு அளவே குறைந்திருந்தது. ஆதலின் மரம் முழுவதும் நீராலேயே ஆயது என முடிவு கட்டினார். அவர் மறைந்த பின், 1648இல், அவர்தம் மைந்தர் இதனை நூலாக வெளியிட்டார். சோதனை செம்மையானது, முடிவுதான் பிழைபட்டது. மரத்தைச் சூழ்ந்திருந்த காற்றை அவர் கணக்கில் கொள்ளவில்லை. இத்தனைக்கும் ‘காஸ்’ என்னும் சொல்லையே உலகுக்கு அளித்தவர் அவர். கரி எரிகையில் எழும் வாயுவை நன்கு அறிந்தவர். விடை கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் கண்ணுக்குப் புலப்படவில்லை!

காற்றின் பக்கம் கவனத்தைத் திருப்பியவர்களுள் தலைசிறந்தவர் ஆங்கிலப் பாதிரியார் ஜோசப் பிரீஸ்ட்லி. 1771 ஆகஸ்டு 17ஆம் நாள், மெழுகுவத்தி எரிந்து அணைந்துபோன காற்றினுள் புதினாக் கொம்பு ஒன்றை வைத்து மூடினார். பத்து நாட்கள் கழித்து அதே காற்றில் மற்றொரு மெழுகுவத்தி நன்கு எரிந்தது. கெட்ட காற்றைச் செடி நல்லதாக்குகிறது என்னும் இச்செய்தி அறிஞரிடையே பெருமகிழ்ச்சியை விளைவித்தது. அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளின், வீடுகளின் அருகே நிற்கும் மரங்களை வெட்டும் வெறி இனியேனும் சற்றுத் தணியும் என்று நம்பிப் பிரீஸ்ட்லிக்கு எழுதினார். அந்நம்பிக்கை எத்துணை நிறைவேறிற்று என்பதை நகரங்களில் வாழ்வோர் அறிவர்.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. பிறர் இச்சோதனையைச் செய்தபோது செடி காற்றைக் கெடுப்பதாகவே கண்டனர். பிரீஸ்ட்லியே மீண்டும் செய்தபோதும் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. இம்முடிச்சை அவிழ்த்தவர் டச்சு மருத்துவர் இங்கன்ஹௌஸ். வியன்னா அரச குடும்பத்தாருக்குப் பெரியம்மைத் தடுப்பு அளித்துப் புகழ்பெற்றவர் இவர். 1779ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டனுக்கு அருகே ஒரு மாளிகையில் தங்கி, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்து முடித்தார். இலை பிராணவாயுவை வெளிவிடுவது வெளிச்சத்தில் மட்டுமே. அதற்குக் காரணம் கதிரவனின் ஒளியேயன்றி வெப்பமன்று. பச்சை நிறப் பகுதிகளுக்கே அவ்வாற்றல் உண்டு. இருளில் செடியும் நம்மைப்போல் காற்றைக் கெடுக்கிறது என அவர் நிறுவினார். முரண்பாடு முற்றும் நீங்கியது.

இதன் பின் ஜெனீவா நகரத்தார் இருவர் பணியாற்றினர். கரியமில வாயு இன்றியமையாதது என்பதை 1782இல் செனபியேவும், நீரும் செடியின் எடையில் சேர்கிறது என்பதை 1804இல் தெ சோசியூரும் காட்டினர். ஒளியாற்றலே வேதியாற்றலாகச் செடியில் சேமிக்கப்படுகிறது என்பதை 1845இல் ஜெர்மன் மருத்துவர் மேயர் உரைத்தார்.

எனினும், வெளிவரும் பிராணவாயு கரியமில வாயுவிலிருந்து பிரிவது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் வான் நீல் என்பார் ஊதாநிறக் கந்தக நுண்ணுயிர்களை ஆராய்ந்தார். அவை நீருக்கு மாறாக ஹைட்ரஜன் சல்பைடைக் கொண்டு கந்தகத்தை வெளிவிட்டன. அங்ஙனமாயின் பச்சைச் செடியில் பிளவுபடுவது நீராகத்தானே இருத்தல் வேண்டும்? 1941இல் சாமுவேல் ரூபன், மார்ட்டின் கேமன் முதலியோர் கனத்த பிராணவாயு கலந்த நீரைப் பாசிக்கு அளித்து, அவ்வூகத்திற்கு வலுவான சான்று தந்தனர். கரும்பலகையில் ஆசிரியர் எழுதும் சமன்பாடு இங்கே நின்று நோக்கத்தக்கது. ஆறு நீர் மூலக்கூறுகளில் உள்ள பிராணவாயு அணுக்கள் ஆறே, வெளிவருவனவோ பன்னிரண்டு. ஆகவே உண்மையில் பன்னிரண்டு நீர் மூலக்கூறுகள் பிளவுபட்டு, ஆறு புதிதாகத் தோன்றுகின்றன. சுருக்கிய சமன்பாடு எண்ணிக்கையைச் சரிசெய்கிறது, நிகழ்ச்சியை மறைத்துவிடுகிறது.

அவ்விருவரே 1940இல் கதிரியக்கமுடைய கார்பன்-14ஐயும் கண்டறிந்தவர்கள். கரி செடிக்குள் செல்லும் வழியைத் தொடர இதனினும் சிறந்த கருவி இல்லை. ஆனால் அப்பயனை நுகரும் பேறு அவர்களுக்கு வாய்க்கவில்லை. 1943இல், போர்க்கால ஆய்வின்போது, நச்சு வாயு தாக்கி ரூபன் இருபத்தொன்பதாம் வயதில் மாண்டார். மறு ஆண்டு கேமன் ஆதாரமற்ற ஐயத்தின்பேரில் ஆய்வுக்கூடத்திலிருந்து நீக்கப்பட்டார். அக்கருவியைக் கொண்டு மெல்வின் கால்வின், ஆண்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாஸ்ஸம் ஆகியோர் குளோரெல்லா என்னும் பாசியில், கரியமில வாயு சர்க்கரையாகும் படிகளை ஒவ்வொன்றாக வரைந்தனர். 1961இல் நோபல் பரிசு கால்வின் ஒருவருக்கே அளிக்கப்பட்டது. ஆய்வின் பெரும்பகுதியில் கைவைத்த பென்சனின் பெயர் நெடுநாள் பின்தங்கி நின்றது. இன்று பாடநூல்கள் பலவும் அதனைக் கால்வின்-பென்சன் சுழற்சி என்றே வழங்குகின்றன.