கணித மாதிரிகளும் புற்றுநோய்ச் சிகிச்சையும்: மொன்றியல் ஆய்வு மரபு

உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் வேதிச் சமிக்ஞைகளையும் அவற்றுக்கு உடல் காட்டும் மறுமொழியையும் சமன்பாடுகளாக எழுதி, மருந்தின் அளவையும் அது தரப்படவேண்டிய வேளையையும் முன்கூட்டியே கணித்துப் பார்ப்பது கணித உயிரியலின் ஒரு கிளை. இக்கிளை வேரூன்றிய இடங்களுள் கனடாவின் மொன்றியல் நகரம் ஒன்று. அங்குள்ள மெக்கில் பல்கலைக்கழகமும் பிரெஞ்சு மொழியில் இயங்கும் மொன்றியல் பல்கலைக்கழகமும் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இதில் ஈடுபட்டுவருகின்றன. கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று கேட்டுத் தொடங்கும் மாதிரிகள் உலகில் ஏராளம். மொன்றியல் ஆய்வாளர்கள் பெரும்பாலும் கேட்டது, ஒரு சமிக்ஞை புறப்பட்டு அதன் விளைவு வந்துசேர எவ்வளவு காலம் பிடிக்கிறது, அந்த இடைவெளியில் உடலுக்குள் என்ன நேர்கிறது என்பதைத்தான்.

சுணக்கமும் அலைவும்

மெக்கில் உடலியங்கியல் துறையைச் சேர்ந்த மைக்கேல் மேக்கியும் லியோன் கிளாசும் 1977-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட சிறு கட்டுரை இம்மரபின் தொடக்கம் எனலாம். குருதியில் வெள்ளணுக்கள் குறைந்தால் உற்பத்தியைக் கூட்டும்படி எலும்பு மஜ்ஜைக்குச் சமிக்ஞை போகிறது. ஆனால் மஜ்ஜையில் பிறக்கும் அணு பல முறை பிரிந்து, முதிர்ந்து, குருதியில் இறங்கப் பல நாள்கள் ஆகும். மேட்டூர் அணையின் மதகைத் திறந்த அன்றே கடைமடை வயல் நனைந்துவிடுவதில்லை. வயல் காய்வதைப் பார்த்து மேலும் மேலும் திறந்துகொண்டே போனால், பின்னொரு நாள் அத்தனை நீரும் ஒருசேர வந்து பயிரை மூழ்கடிக்கும். மஜ்ஜைக்கும் இதே இக்கட்டு உண்டு. இன்றைய உற்பத்தி சில நாள்களுக்கு முன்பிருந்த எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதையும், இன்றைய இழப்பு இன்றைய எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதையும் அவ்விருவரும் ஒரே வரியில் எழுதினர். இவ்வாறு கடந்த காலத்து மதிப்பையும் உள்ளடக்கிய சமன்பாடு சுணக்க வகையீட்டுச் சமன்பாடு எனப்படும்.

அந்த ஒற்றை வரியின் போக்கு வியப்புக்குரியது. சுணக்கம் மிகச் சிறிதாக இருந்தால் எண்ணிக்கை ஒரு நிலையில் அடங்கி நிற்கிறது. அது 6 நாளாகும்போது சீரான அலைபோல ஏறி இறங்குகிறது. 20 நாளாக நீளும்போது ஒருமுறை வந்த வடிவம் மறுமுறை வராத தாறுமாறான அலைவாக மாறுகிறது. சமன்பாட்டில் தற்செயலுக்கு இடமே இல்லாதபோதும் விளைவு ஒழுங்கற்றிருக்கும் இந்நிலையைக் கணிதத்தில் கேயாஸ் என்பர். இயந்திரக் கற்றல் துறையினர் தம் முன்கணிப்பு நிரல்களைச் சோதித்துப் பார்க்க இச்சமன்பாட்டின் வரைகோட்டை இன்றும் எடுத்துக்கொள்கின்றனர். அது குருதி நோயை விளக்கப் பிறந்த கோடு என்பதை அவர்களுள் எத்தனை பேர் நினைப்பார்களோ!

உறுப்பு எதுவும் புதிதாகக் கெடாமல், கட்டுப்பாட்டு அமைப்பின் ஏதோ ஓர் அளவு மட்டும் மாறியதால் வரும் நோயை மேக்கியும் கிளாசும் இயக்கவியல் நோய் என்று அழைத்தனர். சுழல் நியூட்ரோபில் குறைவு என்னும் அரிய நோயில், தொற்றுக்கு எதிராக முதலில் களமிறங்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளணு ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடிமட்டத்துக்கு இறங்கி மீண்டும் ஏறுகிறது. சாம்பல் நிறக் கோலி நாய்களுக்கும் பிறவியிலேயே இந்நோய் வருவதுண்டு. நாள்பட்ட மைலாய்டு குருதிப் புற்றுநோயாளர் சிலரிடமும் வெள்ளணுக்கள் ஏறத்தாழ 40 முதல் 80 நாள் இடைவெளியில் இவ்வாறு அலைவது காணப்பட்டது. இவ்வலைவுக்கான காரணத்தை மேக்கி 1978 முதல் குருத்தணுக்களிடத்தே தேடினார். 2005-இல் கரோலைன் கோலைனுடன் சேர்ந்து, வெள்ளணு, சிவப்பணு, தட்டணு ஆகிய மூன்று கிளைகளையும் குருத்தணுவோடு பிணைத்த விரிவான மாதிரியை வெளியிட்டார்.

இம்மாதிரிகள் உயிரணுவுக்குள் நுழைவதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். மேற்சொன்ன புற்றுநோயில் 9, 22 ஆகிய குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டுவதால் உண்டாகும் புரதம், பிரிந்துகொண்டே இரு என்ற சமிக்ஞையை ஓயாமல் எழுப்புகிறது. 2001-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் அப்புரதத்தை அடக்குகிறது. மேக்கியின் சமன்பாடுகளுக்கு அந்த உள்விவரம் தேவைப்படவில்லை. உயிரணுக் கூட்டம் எப்போது பெருகுகிறது, எப்போது மடிகிறது என்பதே அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது.

ஏழாம் நாள்

இம்மரபு நோயாளியின் படுக்கையருகே மிக நெருங்கிவந்தது கீமோதெரபியின் பக்கவிளைவு பற்றிய ஆய்வில்தான். கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பிரியும் உயிரணுக்களைத் தாக்குவதால், புற்றணுக்களோடு மஜ்ஜையில் பிரிந்துகொண்டிருக்கும் அணுக்களும் அடிபடுகின்றன. ஒரு லிட்டர் குருதியில் நியூட்ரோபில்கள் 150 கோடிக்குக் கீழே போனால் அது குறைவு. 50 கோடிக்குக் கீழே போனால் கடுமையான குறைவு. அந்நிலையில் சாதாரணத் தொற்றும் உயிருக்கு உலை வைக்கலாம் என்பதால், மருத்துவர் அடுத்த சுற்றைத் தள்ளிப்போடவோ மருந்தின் அளவைக் குறைக்கவோ நேர்கிறது. அந்த இடைவெளி புற்றுக்குச் சாதகமாகிறது. இதைத் தடுக்கவே ஜி-சிஎஸ்எஃப் ஊசி போடப்படுகிறது. மஜ்ஜையை முடுக்கிவிட உடலே சுரக்கும் சமிக்ஞைப் புரதம் இது. மரபணுத் தொழில்நுட்பத்தால் தயாரிக்கப்பட்ட இதன் வடிவமான ஃபில்கிராஸ்டிம் 1991-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இப்புரதம் உடலைவிட்டு நீங்க இரண்டு வழிகள் உள்ளன. ஒரு பகுதி சிறுநீரகத்தால் நீக்கப்படுகிறது. மற்றதை நியூட்ரோபில்களே தம் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளால் பற்றி உள்ளிழுத்துச் சிதைக்கின்றன. ஆகவே நியூட்ரோபில்கள் குறைந்திருக்கும்போது மருந்து குருதியில் நெடுநேரம் தங்குகிறது. அவை பெருகியதும் விரைவில் கரைந்துபோகிறது. சமிக்ஞையால் பிறந்தவையே அச்சமிக்ஞையை விழுங்கிவிடும் இவ்வமைப்பில், எந்த நாளில் ஊசி போட்டால் எவ்வளவு பலன் கிட்டும் என்பதை மனக்கணக்காகச் சொல்லிவிட முடியாது.

மொன்றியல் பல்கலைக்கழகத்தின் மோர்கன் கிரெய்க், ஃபஹிமா நெக்கா, ஜாக் பெலேர், ஜுன் லி ஆகியோரும் மெக்கில்லின் ஆன்டனி ஹம்ஃப்ரீஸ், மேக்கி ஆகியோரும் 2015-இல் வெளியிட்ட மாதிரி இக்கணக்கைப் போட்டுக் காட்டியது. மஜ்ஜையில் நியூட்ரோபில் உருவாகும் படிகள், கீமோதெரபி மருந்து உடலில் பரவி நீங்கும் விதம், ஊசி மருந்தின் போக்கு ஆகிய மூன்றையும் அவர்கள் ஒரே அமைப்பில் இணைத்தனர். 14 நாள்களுக்கு ஒருமுறை கீமோதெரபி பெறும் சராசரி நோயாளிக்கு, முதல் ஊசியைக் கீமோதெரபி முடிந்த ஏழாம் நாள்வரை தள்ளிப்போட்டால் பத்து ஊசிகளுக்குப் பதிலாக மூன்றோ நான்கோ போதும் என்றும், நியூட்ரோபில் நிலையும் முன்னைவிட மேம்படும் என்றும் மாதிரி கணித்தது. முந்திப் போடும் ஊசி, மஜ்ஜையில் முதிர்ந்து காத்திருக்கும் அணுக்களைக் குருதிக்கு இறக்கிவிடுகிறது. சில நாள் கழித்துக் கீமோதெரபியின் அடி குருதியில் தெரியவரும்போது கைவசம் இருப்பு மிஞ்சுவதில்லை. விதைநெல்லை முன்கூட்டியே குத்திச் சாப்பிட்டுவிட்ட வீட்டின் நிலைதான். இக்கணிப்பு சராசரி அளவுகளைக் கொண்டது. அது சிகிச்சை நெறியாக வேண்டுமானால் நோயாளர்களிடம் முறையான சோதனை வேண்டும். எனினும், எவ்வளவு என்ற கேள்வியோடு எப்போது என்ற கேள்வியையும் சம எடையில் வைக்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மறு ஆண்டு கிரெய்க், ஹம்ஃப்ரீஸ், மேக்கி மூவரும் ஏற்பியில் கட்டுண்ட மருந்தையும் கட்டற்ற மருந்தையும் தனித்தனியே கணக்கிட்டு மாதிரியைத் திருத்தினர்.

ஒட்டியிருக்கும் நேரம்

உயிரணுவின் உட்சமிக்ஞையையே மாதிரியாக்கும் பணி மொன்றியலில் இயற்பியலர் வழியாக வந்தது. நோயெதிர்ப்புக்குரிய டி உயிரணு, தான் தொடும் அணுவின் மேலுள்ள ஆன்டிஜன் என்னும் அடையாளத் துண்டு நோயுற்றதா, உடலுக்குரியதா என்பதை, அது தன் ஏற்பியில் எத்தனை நொடி ஒட்டியிருக்கிறது என்பதைக் கொண்டு அறிகிறது. ஒட்டியிருக்கும் நேரத்தில் ஏற்பியில் பாஸ்பேட் குழுக்கள் படிப்படியாக ஏறுகின்றன. கடைசிப் படிக்குமுன் விலகினால் ஏறியவை கழன்று கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஜான் ஹாப்ஃபீல்டு 1974-இல் புரத உற்பத்தியின் துல்லியத்தை விளக்க முன்வைத்த இக்கருத்தைத் திமத்தி மெக்கீத்தன் 1995-இல் டி உயிரணுவுக்குப் பொருத்தினார். மொன்றியல் இயற்பியலர் போல் பிரான்சுவாவும் கூட்டாளிகளும் இதோடு ஒரு தடையையும் சேர்த்தனர்: பாதிப் படியில் நிற்கும் ஏற்பிகள் அடக்கும் சமிக்ஞையை எழுப்புகின்றன, அதனால் பலவீனமாக ஒட்டும் துண்டுகள் பலமாக ஒட்டுவனவற்றின் மறுமொழியையும் மட்டுப்படுத்தும்.

இந்தத் தடை சிகிச்சைக்கு உதவியது. நோயாளியின் டி உயிரணுவில் செயற்கை ஏற்பியைப் பொருத்திப் புற்றை வேட்டையாடவிடும் கார்-டி சிகிச்சை குருதிப் புற்றுகளில் வெற்றி கண்டது. ஆனால் திண்கட்டிகளின் அடையாளங்கள் நலமான திசுக்களிலும் இருப்பதால் அங்கே அது தடுமாறுகிறது. கிரெகுவார் ஆல்டன்-போனே குழுவும் பிரான்சுவா குழுவும் இணைந்து ‘செல்’ இதழில் 2025-இல் வெளியிட்ட ஆய்வில், இயல்பான ஏற்பியும் செயற்கை ஏற்பியும் ஒரே அணுவில் இருக்கும்போது, இயல்பான ஏற்பியில் பலவீனமாக ஒட்டும் ஆன்டிஜன் செயற்கை ஏற்பியின் தாக்குதலை அடக்குவதும், பலமாக ஒட்டுவது அதைக் கூட்டுவதும் சமன்பாடுகளில் பிடிபட்டன. இதைக் கொண்டு வடிவமைத்த இரட்டை ஏற்பி அணுக்களில் ஓர் ஏற்பி ஹெர்2 என்ற புரதத்தைத் தேடுகிறது. மற்றது புற்றணுவில் மட்டும் மாறிப்போன ஒரு துண்டை அடையாளம் காண்கிறது. அத்துண்டின் மாறாத வடிவம் நலமான அணுவில் பலவீனமாகவே ஒட்டுவதால், ஹெர்2 அங்கேயும் இருந்தபோதிலும் தாக்குதல் தணிகிறது. எலிகளில் இந்த அணுக்கள் வழக்கமான கார்-டி அணுக்களைவிடத் திறம்படக் கட்டியைத் தாக்கின, நலமான திசுவுக்கு மிகக் குறைந்த சேதமே விளைவித்தன.