கிர் சிங்கமும் ஐபீரிய லின்க்ஸும்: மீட்சியின் இரு வழிகள்

அழிவின் விளிம்புவரை போய்த் திரும்பிய ஊனுண்ணிகள் சிலவே. குஜராத்தின் ஆசியச் சிங்கம் அவற்றில் ஒன்று. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மட்டுமே வாழும், காதுநுனியில் கருங்குஞ்சம் கொண்ட ஐபீரிய லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனை இன்னொன்று. 1968 கணக்கெடுப்பில் 177 சிங்கங்களே இருந்தன; 2025இல் 891. லின்க்ஸ் 2002இல் நூறைக்கூட எட்டவில்லை. 2023இல் 2,000ஐத் தாண்டிவிட்டது. இரண்டுமே பெரிய வெற்றிகள். ஆனால், இரண்டும் சம அளவில் பாதுகாப்பாக இருக்கின்றனவா?

வீழ்ச்சிக்கான காரணங்கள் வேறுவேறு. சிங்கத்தை வீழ்த்தியது துப்பாக்கி. ஜூனாகத் நவாபு வேட்டையைத் தடுத்ததால்தான் கிர் காட்டில் சில சிங்கங்களாவது மிஞ்சின. லின்க்ஸை வேட்டையோடு பசியும் வாட்டியது. அதன் முதன்மை இரையான காட்டுமுயல்கள் 1950களில் ஒரு நோயாலும், 1980களின் இறுதியில் இன்னொரு நோயாலும் கூட்டங்கூட்டமாக மடிந்தன.

மக்களின் பங்கிலும் வேறுபாடு உண்டு. கிரில் எருமை மேய்க்கும் மால்தாரிகள், மாட்டைப் பறிகொடுத்தும் சிங்கத்தோடு தலைமுறைகளாக வாழ்ந்துவருகிறார்கள். இந்தப் பொறுமையை எந்தத் திட்டத்தாலும் விலைக்கு வாங்க முடியாது. ஸ்பெயினிலோ லின்க்ஸ் திரியும் நிலத்தில் பெரும்பகுதி தனியார் பண்ணைகள். அவற்றின் உரிமையாளர்களோடு உடன்படிக்கை செய்து முயல்களைப் பெருக்கினார்கள். மனிதக் கட்டுமானங்களால் வரும் சாவு இரண்டுக்கும் பொது: சிங்கங்கள் சுற்றுச்சுவரில்லாத கிணறுகளில் விழுகின்றன, லின்க்ஸ்கள் நெடுஞ்சாலையில் அடிபடுகின்றன.

உண்மையான சோதனை நோய் வடிவில் வந்தது. 2007இல் ஸ்பெயினின் தோன்யானா பகுதி லின்க்ஸ்களைப் பூனை இரத்தப்புற்று வைரஸ் தாக்கியது. நோயுற்றவற்றைப் பிடித்துத் தனிமைப்படுத்தி, மற்றவற்றுக்குத் தடுப்பூசி போட்டார்கள். அப்போது சியேரா மொரேனா மலைப்பகுதியில் தனியாக இன்னொரு கூட்டமும் இருந்தது. காப்பகங்களில் குட்டிகள் பிறந்துகொண்டிருந்தன. பிறகு ஸ்பெயினின் வேறு பகுதிகளிலும் போர்ச்சுகலிலும் லின்க்ஸைக் கொண்டுபோய் விட்டார்கள்.

2018இல் கிழக்கு கிரில் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் சிங்கங்களுக்குப் பரவியது. சில வாரங்களில் 23 சிங்கங்கள் இறந்தன. இதே வைரஸ் 1994இல் செரங்கெட்டி சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது. அங்கே அழிந்தாலும் ஆப்பிரிக்காவில் வேறு காடுகளில் சிங்கம் இருந்தது. ஆசியச் சிங்கத்துக்கு அப்படி ஒரு வேறு காடு இல்லை. பார்டா மலைவரை அது தானாகப் பரவியிருப்பது நல்ல செய்திதான். ஆனால், பார்டாவும் கிர் இருக்கும் அதே சௌராஷ்டிரப் பகுதியில்தான் இருக்கிறது.

இந்த ஆபத்தை உணர்ந்துதான், சிங்கங்களில் சிலவற்றை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு மாற்ற உச்ச நீதிமன்றம் 2013இல் ஆணையிட்டது. அதற்கு முன்பே சிங்கத்துக்காகக் குனோவிலிருந்து 24 கிராமங்கள் இடம்பெயர்ந்திருந்தன. 2022இல் நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகள் அங்கே வந்தன, சிங்கம் வரவில்லை.

ஒப்பிட்டுப் பார்த்தால், மக்களின் அரவணைப்பில் கிர் முந்துகிறது; முன்யோசனையில் ஸ்பெயின் முந்துகிறது. விவரமறிந்த உழவர் விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டிவைப்பதில்லை. எண்ணிக்கை பெருகியதைக் கொண்டாடுவோம். கூடவே, சிங்கத்தை ஒரு மாநிலத்தின் பெருமையாக மட்டும் காணாமல் நாட்டின் பொதுச் செல்வமாகக் கண்டு, அடுத்த நோய் வருமுன் அதற்கு இரண்டாவது வீட்டைக் கொடுத்தாக வேண்டும்.