ஒரு சிலம்பு, ஒரு பொய்ப்பழி... கண்ணகி கதையில் நாம கவனிக்காத சஸ்பென்ஸ்!

பொய்ப்பழி, பழிவாங்கக் கிளம்பும் மனைவி, நடுவுல கொஞ்சம் காதல்... ராத்திரி 12 மணி தாண்டியும் மொபைல்ல தொடர்கதை படிக்கிறவங்களுக்கு இந்த ஃபார்முலா அத்துப்படி. தமிழில் இதுக்கு முன்னோடி, மனப்பாடப் பகுதியோட நாம மூடி வெச்ச சிலப்பதிகாரம்தான். அணுபுரத்திலிருந்து வண்டியை எடுத்து ஈ.சி.ஆரில் வடக்கே போனால், மெரினாவில் கையில் சிலம்போடு நிற்கிறாள் கண்ணகி. 1968-ல் வைத்த சிலை. 2001-ல் அகற்றி, 2006-ல் திரும்ப வைத்தார்கள். தெற்கே போனால் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் தாண்டி அவள் பிறந்த பூம்புகார்.

பழி விழுந்தது கண்ணகி மேல் அல்ல, கணவன் கோவலன் மேல். மாதவியோடு வாழ்ந்து சொத்தை எல்லாம் கரைத்துவிட்டுத் திரும்பியவனிடம் அவள் சண்டை போடவில்லை. 'சிலம்பு இருக்கு' என்கிறாள். (எனக்கு இந்த இடத்தில் இன்னிக்கும் கோபம் வரும்!) அதில் ஒன்றை விற்கத்தான் மதுரைக் கடைவீதிக்குப் போகிறான் கோவலன்.

அவன் மாட்டியது, அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடி வைத்திருந்த பொற்கொல்லனிடம். பாண்டியன் அப்போது, ஆடல் மகளிரை ரசித்ததற்காக ஊடல் கொண்டு தலைவலி என்று எழுந்துபோன மனைவியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருந்தான். வழியில் மறித்து, 'திருடன் கிடைச்சுட்டான்' என்கிறான் பொற்கொல்லன். அந்த அவசரத்தில் விசாரணையே இல்லாமல் பிறக்கிறது கொலை உத்தரவு. காவலர்கள்கூட, 'இவனைப் பார்த்தா திருடன் மாதிரி இல்லையே' என்று தயங்குகிறார்கள். கடைசியில் குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

கண்ணகி நேராகப் பழிவாங்கப் போகவில்லை, முதலில் நிரூபிக்கப் போனாள். 'திருடனைக் கொல்வது அரச நீதி' என்ற மன்னனிடம், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. மன்னனே கோவலனிடம் பறித்த சிலம்பை வரவழைத்து வைக்க, அவள் உடைக்கிறாள். மாணிக்கம் மன்னன் முகத்திலேயே தெறிக்கிறது. தானே கள்வன் என்று சொல்லி அந்த இடத்திலேயே உயிரை விடுகிறான்.

இங்கேயே 'சுபம்' போட்டிருக்கலாம். ஆனால் கண்ணகியின் கோபம் ஊர் மேல் திரும்புகிறது. முதியவர்கள், குழந்தைகள், அறவோர், பத்தினிப் பெண்கள், பசுக்கள் இவர்களை விட்டுவிடு என்று தீக்கடவுளுக்குச் சொல்லித்தான் மதுரையை எரிக்கிறாள்.

பலரும் படிக்காமல் தாண்டுவது அடுத்த பகுதியைத்தான். நாடு மழையில்லாமல் வறண்டுபோக, கொற்கையில் இருந்த வெற்றிவேல் செழியன் 1,000 பொற்கொல்லர்களைக் கண்ணகிக்குப் பலி கொடுக்கிறான். சிலம்பைத் திருடியது ஒருத்தன். செத்தது அவன் தொழிலைச் செய்த ஆயிரம் பேர். பழிவாங்கும் படலத்தில் இவங்களை யாரும் கணக்கிலேயே சேர்க்கிறதில்லை.

கண்ணகியோ மலையில் ஒரு வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். 14 நாள் கழித்து, கோவலன் விண்ணுலகிலிருந்து வந்து அழைத்துப்போனதாகக் காப்பியம் சொல்கிறது. அந்த இடம் என்று நம்பப்படுவது, தேனி மாவட்டம் கூடலூருக்கு மேலே தமிழக-கேரள எல்லையில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில். சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்தான் பக்தர்களுக்கு அனுமதி. போறதா இருந்தா, காலண்டரைப் பார்த்துட்டுக் கிளம்புங்க.